ஆன்சி நிறுத்திய லாரி

தேசிய அறிவியல் தினத்தன்று ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் பேச வேண்டிய விண்வெளி விஞ்ஞானிக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்துவிட்டது. பேனர் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. அதில் ஒரு ராக்கெட், விஞ்ஞானியின் பெயர், பள்ளிச் செயலாளர் பீமராவின் படம். ராக்கெட்டைவிடப் பீமராவ் பெரிதாக இருந்தார்.

இயற்பியல் ஆசிரியை சுபஸ்ரீ தன்னோடு கல்லூரியில் படித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பாதிப்பேர் வேறு ஊரில் இருந்தார்கள். மீதிப்பேர் படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இருந்தார்கள். ஆன்சி ஒருத்திதான் மிஞ்சினாள்.

"நாளைக்கு வந்து பத்து நிமிஷம் பேசிட்டுப் போடி," என்றாள் போனில்.

"என்ன பேசறது?"

"உன் வேலையைப் பத்தி."

"எங்கம்மாவுக்கே அது புரியல."

"பொண்ணுங்களுக்குப் புரியும். வா."

ஆன்சிக்குத் துவாக்குடியில் வேலை. பாய்லர்களுக்கான பெரிய குழாய்களைப் பற்றவைத்து அனுப்பும் பட்டறை ஒன்றில் அவள் இன்ஸ்பெக்டர். வெல்டர்கள் பற்றவைத்த இடத்துக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் பார்த்து, உள்ளே விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பாலக்கரையில் இருந்த அவள் அம்மா செல்வமேரி, மகள் ஸ்கேன் எடுக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வரும்போது யாராவது ஒரு பெண் தன் வயிற்று ரிப்போர்ட்டை ஆன்சியிடம் நீட்டுவாள். ஆன்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வாள். அது நல்ல யோசனைதான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

விழாவில் பேனரிலிருந்த விஞ்ஞானியின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஆன்சியின் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். ராக்கெட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. பீமராவ் தலைமையுரை ஆற்றினார். பெண்கள் வானத்தை அளக்கப் பிறந்தவர்கள் என்றார். அளந்ததும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் நினைவூட்டினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள். கைதட்டல் போதவில்லை என்று ஒரு டீச்சர் சைகை காட்டியதும் இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

ஆன்சிக்கு மேடைப்பேச்சு வராது. தன் பெயர், படித்த பாடம், செய்யும் வேலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. "ஏதாவது கேக்கணும்னா கேளுங்க," என்றாள்.

"மேடம், ராக்கெட்டைக் கிட்டப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ எதைப் பாப்பீங்க?"

"குழாய்."

அடுத்து ஒரு பெண் எழுந்து, பட்டறையில் பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டாள். பீமராவ் நெளிந்தார். ஆன்சிக்கு அன்றைக்கு அதுதான் நல்ல கேள்வியாகப் பட்டது.

"இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கும். விட்டா வெல்டிங் ராடு போட்டு வெச்சிடுவாங்க."

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. கரும்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, குழாயின் சுவரை வரைந்து, இந்தப் பக்கம் ஒலி நுழைகிறது, அந்தப் பக்கம் போய் முட்டித் திரும்புகிறது என்று அம்புக்குறி போட்டாள். இரும்புக்குள் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் ஓடும் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் எதிரொலி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்று எழுதிக் காட்டினாள்.

பின்வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், அது போயிட்டுத் திரும்பியும் வருதுல்ல? அப்போ பாதிதானே எடுக்கணும்?"

ஆன்சி பலகையைப் பார்த்தாள். "ஆமா. ரெண்டால வகுக்கணும். எழுத விட்டுட்டேன்." எழுதினாள். "உன் பேரென்ன?"

"வேணி மிஸ்."

விழா முடிந்து பொன்னாடை போர்த்தும்போது பீமராவ், "நல்லா பேசினீங்க. அடுத்த தடவை கொஞ்சம் ஊக்கம் சேத்துக்குங்க," என்றார்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் சுபஸ்ரீ மறுபடி போன் செய்தாள். வேணிக்குக் கணக்கில் நல்ல மார்க். கணக்கு குரூப் எடுக்க ஆசைப்படுகிறாள். ஆனால் அவள் அப்பா காமர்ஸில் சேர்ப்பதாக முடிவுசெய்துவிட்டார். சுபஸ்ரீ பேசிப்பார்த்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், முடிவை மட்டும் மாற்றவில்லை. கடைசியில், கணக்குப் படித்து வேலைபார்க்கும் ஒரு பெண்ணை வேலைபார்க்கும் இடத்திலேயே காட்டினால் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"நீ டீச்சர்தானே? உன்னைப் பாத்தா ஆகாதா?" என்றாள் ஆன்சி.

"டீச்சர் எல்லாப் பாடத்துக்கும் இருக்காங்களாம். அதனால என்னைக் கணக்குல சேத்துக்க மாட்டாராம்."

பட்டறை முதலாளி அப்துல் மாலிக்கிடம் ஆன்சி அனுமதி கேட்டாள். அவர் கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரட்டும்மா, ஹெல்மெட் மட்டும் குடுத்திடு," என்றார்.

சனிக்கிழமை காலை வேணியின் அப்பா மருதை மகளோடு வந்து இறங்கினார். திருவெள்ளறையில் சம்பங்கி போட்டிருப்பவர். அன்றைய பூவைப் பறித்து ஸ்ரீரங்கம் மார்க்கெட்டில் போட்டுவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி வந்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதற்கு மேல் பட்டறை கொடுத்த மஞ்சள் ஹெல்மெட். பெண்பார்க்க வந்தவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விசாரித்தார்.

"எத்தனை பொம்பளைங்க வேலை பாக்குறாங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தவங்க. ஷெட்டுக்குள்ள நான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வெயிலு?"

"தகர ஷெட்டுங்க. வெளியில இருக்கறதைவிட உள்ள அதிகம்."

"கல்யாணம்?"

"ஆகல."

"அது இந்த வேலையாலயா?"

ஆன்சி நிஜமாகவே யோசித்தாள். "பாதி இருக்கும்ணே."

வேணி அப்பாவின் முகத்தையும் ஆன்சியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கொஞ்சம் பொய் சொன்னால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"நான் ஏன் காமர்ஸுன்னு சொல்றேன்னா," என்றார் மருதை, "பேங்க் வேலைன்னா ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்கலாம். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் ஃபேனுக்குக் கீழ உக்காந்து சம்பாதிச்சதில்ல."

ஆன்சி எழுந்தாள். "வாங்க, நான் என்ன பண்றேன்னு பாருங்க," என்று உள்ளே அழைத்துப்போனாள்.

முதலில் பழகுவதற்காக வைத்திருக்கும் சிறிய இரும்புத்துண்டைக் காட்டினாள். மேலே கிரீஸ் தடவி, தீப்பெட்டி அளவு இருந்த கருவியை வேணியின் கையில் கொடுத்து நகர்த்தச் சொன்னாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று எழும்பியது.

"இங்க விரிசல் இருக்குக்கா!"

"அது விரிசல் இல்ல. துண்டோட ஓரம்."

வேணி இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "இது?"

"அதுவும் ஓரம்தான். இன்னொரு பக்கத்து ஓரம்."

"என்ன, எல்லாம் தப்பா சொல்லுது?" என்றார் மருதை.

"மொத நாள் எல்லாரும் ஓரத்தைத்தான் பிடிப்பாங்க," என்றாள் ஆன்சி. வேணி அதற்குள் மூன்றாவது தடவை கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். புது சுடிதாரின் முழங்கை வரை ஆகிவிட்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மருதை கவனித்தார்.

வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. வெளிமாநிலத்துச் சர்க்கரை ஆலை ஒன்றுக்கு மூன்று குழாய்கள் அன்றைக்கே கிளம்ப வேண்டும். இரண்டை ஆன்சி முந்தின நாளே பார்த்து முடித்திருந்தாள். மூன்றாவது மட்டும் பாக்கி. அதைப் பற்றவைத்தவர் ஸ்டீபன்ராஜ். பட்டறையிலேயே மூத்த வெல்டர். அவர் போட்ட ஜாயின்ட் ஆன்சியிடம் திரும்பி வந்தது அபூர்வம்.

ஆன்சி குழாயைச் சுற்றி மெதுவாகக் கருவியை ஓட்டிக்கொண்டே வந்தாள். முக்கால்வாசிச் சுற்றில் கை நின்றது. சற்றுப் பின்னால் இழுத்தாள். மறுபடி முன்னால். கருவியைத் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் வைத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தாள். வேணி திரையையே பார்த்தாள். அங்கே எழுந்த கோடு அவள் கண்ணுக்கு மற்ற கோடுகளைப்போலத்தான் இருந்தது.

ஆன்சி சுண்ணக்கட்டியால் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டு, பக்கத்தில் ஆழத்தை எழுதினாள். மாலிக்கைக் கூப்பிட்டாள்.

"இது ரிஜெக்ட் சார்."

மாலிக் லாரியைப் பார்த்தார், சுண்ணக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். "பார்ட்டி காலையிலேருந்து போன் போடறாங்கம்மா. சந்தேகமா சொல்றியா, நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா."

ஸ்டீபன்ராஜ் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு வந்தார். "என் ஜாயின்ட்ல இருக்காது. மிஷினைப் பாரு."

"மிஷினைச் சரிபாத்துட்டேண்ணே."

"அப்போ உன் கண்ணைப் பாரு."

லாரி டிரைவர் இறங்கிவந்து, யாருக்கும் பொதுவாக, தான் இன்றைக்குள் சேலம் தாண்ட வேண்டும் என்றார். நல்ல ஜாயின்ட்டை வெட்டச்சொன்ன இன்ஸ்பெக்டரை அதற்குப் பிறகு யாரும் மதிக்கமாட்டார்கள். கெட்டதை விட்டுவிட்டாலோ, அந்தக் குழாய் ஆவியும் அழுத்தமுமாக ஓடும்போது பக்கத்தில் நிற்கப்போகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. எத்தனை வருடமானாலும் இந்த இடத்தில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டாமல் இருக்க மட்டும் பழகியிருந்தாள்.

"வெட்டுங்கண்ணே," என்றாள்.

மாலிக் ஸ்டீபன்ராஜைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டீபன்ராஜ் கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தது. மருதை ஓரடி பின்னால் நகர்ந்து மகளையும் இழுத்துக்கொண்டார். எழுதியிருந்த ஆழம் வந்ததும் ஸ்டீபன்ராஜ் கிரைண்டரை நிறுத்தி, அளவுகோலால் அளந்து காட்டினார். பள்ளம் பளபளவென்று சுத்தமாக இருந்தது.

"எங்க இருக்கு?"

ஆன்சி டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேணி அவள் பின்னால் வந்து நின்று, "இல்லையாக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"சாயம் அடிச்சுப் பாக்கணும்."

சிவப்புச் சாயத்தைப் பள்ளத்தில் தெளித்தாள். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் விட்டு, மேலே இருந்த சாயத்தையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைப்பொடியைத் தெளித்தாள். உள்ளே சாயம் இருந்தால் வெள்ளையில் ஊறி வெளியே தெரியும். இல்லையென்றால் தெரியாது. அதற்குக் காத்திருக்க வேண்டும்.

மாலிக், ஸ்டீபன்ராஜ், லாரி டிரைவர், மருதை, வேணி, ஆன்சி எல்லோரும் குழாயைச் சுற்றிக் குந்தியிருந்து ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தார்கள். வெகுநேரம் அது வெறும் வெள்ளையாகவே இருந்தது. டிரைவர் பீடி எடுத்தார். மாலிக் பார்த்ததும் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

"அங்க," என்றாள் வேணி.

பள்ளத்தின் நடுவில் இல்லை. இடப்பக்கச் சுவரோரமாக மயிரிழைபோல ஒரு சிவப்புக்கோடு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் தடித்து, சுண்ணக்கட்டியால் போட்ட அளவுக்கு நீண்டது.

ஸ்டீபன்ராஜ் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "ம்," என்றார். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு, புது ராடு எடுத்துக்கொண்டு வந்தார். மாலிக் டிரைவரிடம் சாப்பிட்டுவிட்டு வரச்சொன்னார். பார்ட்டிக்குப் போன் போட்டு, நாளைக்குத்தான் கிளம்பும் என்றார். எதிர்முனை நிறையப் பேசியது. அவர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

மருதை மகளோடு கேட் வரைக்கும் நடந்தார். அங்கே நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முதலாளி போகட்டும்னு சொல்லியிருந்தா?"

"நான் சரின்னு கையெழுத்துப் போடணும். போடாம போகாது."

"அவரு சொல்லியுமா?"

"சொன்னாலும்."

"பத்தவெச்ச அந்தப் பெரியவருக்குக் கோவம் இருக்குமே?"

"ரெண்டு நாளைக்கு இருக்கும்."

மருதை ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "போயிட்டு வரோம்மா," என்றார். வேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அன்றைக்கு ஆன்சி வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளில் ஒரு ஜாயின்ட்டையும் ஒரு பெண்ணின் படிப்பையும் சேர்த்து வெட்டிவிட்டோமோ என்று இருந்தது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பாதி இருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டாம் என்றும் பட்டது.

திங்கட்கிழமை சுபஸ்ரீ போன் செய்து, வேணி கணக்கு குரூப்பில் சேர்ந்துவிட்டாள் என்றாள்.

"எப்படி?"

"தெரியல. அவங்கப்பா வந்து ஃபார்ம் நிரப்பிட்டு, அந்தப் பொண்ணு வேணாம்னுச்சு, லாரி போகலன்னு மட்டும் சொன்னாரு. பியூன்கிட்டயும் சொன்னாரு. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் சொன்னாரு."

வேணி பிறகு கொடுத்த தகவலின்படி, மருதை அதைத் திருவெள்ளறை முழுக்கச் சொன்னார். சொல்லச்சொல்ல லாரி இரண்டாகி, மூன்றானது. அவர் மனைவி அழகம்மாளுக்கு நர்ஸ் படிப்புதான் பிடிக்கும். ஆனால் தான் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டில் ஒரு சைக்கிள்கூட நிற்காது என்று அவள் சொன்னதாகவும், அதைக் கேட்டதும் மருதை தோட்டத்துக்குப் போய்விட்டதாகவும் தெரிந்தது.

அந்த வருடம் பள்ளியில் கணக்கு குரூப்பில் வழக்கத்தைவிட மூன்று பேர் அதிகம் சேர்ந்தார்கள். பேனர் நன்றாக வேலைசெய்திருக்கிறது என்றார் பீமராவ்.

காலாண்டுத் தேர்வில் வேணி கணக்கில் ஃபெயிலானாள். போனில் அழுதாள். அழுவதைப் பார்த்து அம்மாவும் அழுவதாகவும், அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். ஆன்சி அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். ஆறுதலாக எதையாவது சொல்ல முயன்றாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

"குரூப் மாத்திக்கணுமா?" என்றாள் கடைசியில்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "இல்லக்கா. அதைக் கேக்கப் போன் பண்ணல. சும்மா சொல்லணும்போல இருந்துச்சு."

"சரி. அழுதுட்டுப் போய்ச் சாப்பிடு. உங்கப்பாவையும் சாப்பிடச் சொல்லு."

அரையாண்டில் பாஸ் ஆனாள். அடுத்த வருடம் எழுபதைத் தாண்டினாள். மருதைக்கு எழுபது போதவில்லை. மீதி முப்பது எங்கே போனது என்று பள்ளிக்கே வந்து கேட்டார். கணக்கு டீச்சர் பேப்பரைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். அவருக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் கடைசிவரை நின்று கேட்டார்.

பிளஸ் டூ முடித்து வேணி திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஸ்வீட் பாக்ஸோடு துவாக்குடிக்கு வந்தாள். மாலிக் ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டு, "என்ன படிப்பும்மா? மெக்கானிக்கலா, மெட்டலர்ஜியா?" என்றார்.

"பி.எஸ்ஸி. மேத்ஸ் சார்."

"அப்போ இங்க வரமாட்டியா?"

"இங்க ஒரே தூசி சார்."

ஸ்டீபன்ராஜ் சிரித்துவிட்டார். அவர் பட்டறையில் சிரித்து ஆன்சி பார்த்ததில்லை. அவளுக்கோ லேசாக வலித்தது. தனக்குப் பிறகு இந்த ஷெட்டுக்குள் இன்னொரு பெண் இருப்பாள் என்று தனக்குள் எப்போதோ முடிவுசெய்துவைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதை யாரும் வேணியிடம் கேட்டிருக்கவில்லை. ஆன்சியும் கேட்டிருக்கவில்லை. ஒரு மைசூர்பாகைத் தின்று முடிப்பதற்குள் வலி ஏறக்குறைய போய்விட்டது.

வேணியைப் பஸ் ஏற்றிவிட வெளியே வந்தாள். இரண்டு பேரும் லாரிகளுக்கு இடைவெளி பார்த்து ரோட்டைக் கடந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாம பேப்பர்ல ஒரு கணக்குப் போடறோம். நாமளாவே உக்காந்து போடறது. அது எப்படிக்கா இரும்புக்குள்ள போயும் சரியா வருது? இரும்புக்கு நாம போட்ட கணக்கு தெரியாதே?"

ஆன்சி யோசித்தாள். தினமும் கணக்குப் போட்டாள், தினமும் சரியாக வந்தது. ஏன் வருகிறது என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை.

"தெரியல வேணி."

"எங்க மிஸ்ஸுக்கும் தெரியல. காலேஜ்ல சொல்வாங்கன்னாங்க."

"சொன்னா எனக்கும் சொல்லு."

"சரிக்கா," என்றாள் வேணி. சத்திரம் பஸ் கூட்டமாக வந்து நின்றது. அவள் முண்டியடித்து ஏறி, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆன்சி ரோட்டைக் கடந்து ஷெட்டுக்குத் திரும்பினாள். ஸ்டீபன்ராஜ் ஒரு ஜாயின்ட்டை முடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.